ஏன் என்று கேட்டால் பதில் சொல்லும் நிரல்: வல்லுநர் அமைப்புகளுக்கு விளக்கம் எழுதும் முழு வழிகாட்டி

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைசின் என்று ஒரு நிரல் உருவானது. ரத்தத்தில் பாக்டீரியா தொற்று வந்தவருக்கும் மூளை உறையில் தொற்று வந்தவருக்கும் எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று டாக்டருக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. நிரல் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும், டாக்டர் பதிலைத் தட்டுவார். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால், அந்த இடத்தில் ‘ஒய்’ என்று தட்டலாம். நிரல் அங்கேயே நின்று, இந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று சொல்லும். முடிவு வந்த பிறகு ‘ஹவ்’ என்று கேட்டால், எந்தெந்த விதிகளைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தது என்று காட்டும்.

மைசினைக் கட்டியவர் எட்வர்ட் ஷார்ட்லிஃப். டாக்டருக்குப் படித்துக்கொண்டே கணினியிலும் ஆய்வு செய்தவர். கணினித் துறையிலிருந்து புரூஸ் புக்கானனும் மருத்துவத் துறையிலிருந்து ஸ்டான்லி கோயனும் அவருடன் இருந்தார்கள். காரணம் சொல்லாத இயந்திரத்தின் பேச்சை எந்த டாக்டரும் கேட்க மாட்டார் என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. 1981இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இப்படிப்பட்ட அமைப்புகளிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று டாக்டர்களைக் கேட்டபோது, தன் முடிவை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் அவர்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள்.

இப்படி ஒரு துறை வல்லுநரின் அறிவை விதிகளாக வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லும் நிரலுக்குத்தான் வல்லுநர் அமைப்பு என்று பெயர். இந்த வழிகாட்டியில் ஒரு சின்ன வல்லுநர் அமைப்பை நாமே கட்டி, அதற்கு விளக்கம் சொல்லக் கற்றுக்கொடுப்போம். மைசின் நோய்க்கு ஆலோசனை சொன்னது. நம்முடையது, ஸ்டார்ட் ஆகாத மோட்டார் பைக்குக்குச் சொல்லட்டும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். விதியை எழுதும்போதே அதன் காரணத்தையும் எழுதி வைக்காவிட்டால், பிற்பாடு எவ்வளவு கெட்டிக்கார நிரலாலும் அதை வரவழைக்க முடியாது. மைசின் குழுவே இதைச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுகொண்டது. அந்தக் கதை ஆறாவது படியில் வருகிறது.

படி 1: விதிகளை நிரலிலிருந்து பிரித்து வையுங்கள்

வழக்கமாக நிரல் எழுதுபவர்கள் ‘இது இப்படி என்றால் அதைச் செய்’ என்று நேரே குறிமுறையில் எழுதிவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் அந்த நிரலுக்குத் தன் வரிகளைத் தானே படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை விளக்கவும் முடியாது.

மைசினில் சுமார் 500 விதிகள் இருந்தன. அத்தனையும் லிஸ்ப் என்ற நிரல் மொழியில் வெறும் பட்டியல்களாக, தரவாகவே இருந்தன. அவற்றை எடுத்து இயக்குவதற்குத் தனியாக ஒரு நிரல். ஒரே விதியை ஒரு பகுதி இயக்கியது, இன்னொரு பகுதி படித்து ஆங்கில வாக்கியமாக்கியது. விளக்கம் சொல்லும் திறமை முழுக்க இந்த ஒரு ஏற்பாட்டில்தான் நிற்கிறது.

நம் பைக்குக்கு ஐந்து விதிகள் போதும் (அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், அந்த விதியை எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு, ஐந்தாவது படியில் அதைப் பார்ப்போம்):

விதி 1: செல்ஃப் பட்டனை அழுத்தினால் இஞ்சின் சுற்றவில்லை, ஹார்ன் மங்கலாக ஒலிக்கிறது என்றால், பேட்டரி இறங்கியிருக்கிறது (உறுதி 0.8).

விதி 2: கிக்கரை உதைத்தால் இஞ்சின் சுற்றுகிறது, பல முறை உதைத்த பிறகும் பிளக் காய்ந்திருக்கிறது என்றால், இஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை (0.7).

விதி 3: வண்டி 2020 ஏப்ரலுக்கு முன் தயாரானது, இஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, பெட்ரோல் காக் திறந்திருக்கிறது என்றால், கார்புரேட்டர் வழியில் அடைப்பு (0.6).

விதி 4: பிளக் ஈரமாக இருக்கிறது, பொறி வரவில்லை என்றால், பிளக்கிலோ அதற்கு மின்சாரம் வரும் வழியிலோ கோளாறு (0.8).

விதி 5: இஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை, வண்டியை 2 மாதமாக எடுக்கவில்லை என்றால், கார்புரேட்டர் வழியில் அடைப்பு (0.5).

இவற்றில் ஒரு விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

படி 2: வாக்கியங்களை முழுசாகச் சேமியுங்கள்

மைசின் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு வாக்கிய அச்சு வைத்திருந்தது. நடுவே காலி இடம், அதில் சொல்லைப் போட்டால் ஆங்கில வாக்கியம் தயார். தமிழில் இது அப்படியே எடுபடாது. ‘இல்’ என்ற உருபைத் தனியே வைத்துக்கொண்டு முன்னால் சொல்லை மாற்றிப் பாருங்கள். டேங்க் டேங்கில் ஆகிறது, பிளக் இரட்டித்துப் பிளக்கில் ஆகிறது, பேட்டரி நடுவே ஒரு யகரத்தை வாங்கிக்கொண்டு பேட்டரியில் ஆகிறது. அச்சில் வார்த்த வாக்கியம் ‘பேட்டரிஇல் கோளாறு’ என்று வந்து நிற்கும். அதைப் படிக்கும் மனிதருக்கு அந்த நொடியே நம்பிக்கை போய்விடும்.

அதனால் ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு முழு வாக்கியங்களைக் கையால் எழுதி வையுங்கள்: கூற்று (பிளக் காய்ந்திருக்கிறது), எதிர்மறை (பிளக் காயவில்லை, ஈரமாக இருக்கிறது), நிபந்தனை (பிளக் காய்ந்திருந்தால்), கேள்வி (பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காய்ந்திருக்கிறதா?). நூறு தகவல் என்றால் நானூறு வாக்கியம். உட்கார்ந்து எழுதினால் இரண்டு நாள் வேலை. சந்தி விதிகளை நிரலுக்குக் கற்றுக்கொடுக்கப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

படி 3: ‘ஏன்’ கேள்விக்கு இலக்குகளின் அடுக்கு

மைசின் பின்னோக்கி யோசித்தது. முதலில் முடிவை இலக்காக வைத்துக்கொள்ளும். அந்த முடிவைத் தரும் விதி எது என்று தேடும். அந்த விதியின் நிபந்தனைகள் உண்மையா என்பது அடுத்த இலக்கு. அதைத் தரும் விதி இருந்தால் அங்கே இறங்கும், எந்த விதியும் இல்லை என்றால் மனிதரிடம் கேட்கும்.

நம் அமைப்பும் இப்படியே போகட்டும். அடைப்பு இருக்கிறதா? விதி 3ஐ எடு. பெட்ரோல் போகிறதா? விதி 2ஐ எடு. பிளக் காய்ந்திருக்கிறதா? விதி எதுவும் இல்லை, கேள். இறங்கும் ஒவ்வொரு படியிலும் இலக்கையும் விதி எண்ணையும் ஒரு அடுக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள். ‘ஏன்’ என்று கேட்டால் அடுக்கின் மேல்தட்டைப் படித்துக் காட்டினால் போதும். மறுபடி ‘ஏன்’ என்றால் அதற்கு அடுத்த தட்டு.

அமைப்பு: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காய்ந்திருக்கிறதா?

பயனர்: ஏன்?

அமைப்பு: இஞ்சினுக்குப் பெட்ரோல் போகிறதா என்று தெரிய வேண்டும். கிக்கரை உதைத்தால் இஞ்சின் சுற்றுகிறது என்று முன்பே சொன்னீர்கள். பிளக்கும் காய்ந்திருந்தால், பெட்ரோல் போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன் (விதி 2).

பயனர்: ஏன்?

அமைப்பு: கார்புரேட்டர் வழியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். வண்டி 2020 ஏப்ரலுக்கு முந்தையது என்று முன்பே சொன்னீர்கள். பெட்ரோல் போகாமல், டேங்கில் பெட்ரோலும் இருந்து, காக்கும் திறந்திருந்தால், அடைப்பு என்று சந்தேகிப்பேன் (விதி 3).

ஏற்கெனவே தெரிந்ததையும் இனித் தெரிய வேண்டியதையும் இந்தப் பதில்கள் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். மைசினும் இப்படித்தான் பிரித்தது. விதியை அப்படியே கொட்டினால், தான் சொன்னது எது, நிரல் இன்னும் தேடுவது எது என்று கேட்பவரே பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

ஐநூறு விதி உள்ள அமைப்பில் இந்த அடுக்கு ஆழமாகிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் ‘ஏன்’ என்று தட்டுவது அலுப்பு. மைசினுக்கு மேல் ராண்டல் டேவிஸ் கட்டிய டைரீசியஸ் என்ற அமைப்பில் ‘ஒய்’ என்பதோடு ஒரு எண்ணையும் கொடுத்துப் பல தட்டுகளை ஒரே தாவலில் தாண்டலாம். உங்கள் அமைப்பு வளர்ந்தால் இதைச் சேருங்கள், ஐந்து விதிக்குத் தேவையில்லை.

படி 4: ‘எப்படி’ கேள்விக்கு நாட்குறிப்பு

ஒவ்வொரு விதி ஓடும்போதும் ஒரு வரி எழுதி வையுங்கள்: விதி எண், எந்தத் தகவல்களைப் பார்த்தது, அவை பயனர் சொன்னவையா வேறு விதியிலிருந்து வந்தவையா, என்ன முடிவு, எவ்வளவு உறுதி. தோற்றுப்போன விதிகளையும் எந்த நிபந்தனையில் தோற்றன என்று எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள். ஏழாவது படியில் அது இல்லாமல் கை கட்டிப்போய்விடும்.

‘எப்படி’ என்று கேட்டால் முழு மரத்தையும் காட்டாதீர்கள். முடிவைத் தந்த விதியை மட்டும் காட்டுங்கள். அதற்குள் இருக்கும் ஒரு நிபந்தனையைத் தொட்டு மறுபடி ‘எப்படி’ என்று கேட்டால் அதற்குக் கீழே போங்கள்.

இந்த நாட்குறிப்பு உண்மையில் நடந்ததை எழுதியது. முடிவு வந்த பிறகு கேட்பவருக்காகச் சோடித்தது இல்லை. இன்று சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளிடம் காரணம் கேட்டால் அழகான பத்தி வரும், ஆனால் அந்தக் காரணம்தான் அந்த முடிவை உண்டாக்கியது என்று உறுதி சொல்ல முடியாது. விதி அமைப்புகள் பழசாகிவிட்டன என்று ஒதுக்குபவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

படி 5: எண்களையும் விளக்குங்கள்

விதிகளின் பக்கத்தில் இருக்கும் 0.8, 0.7 எல்லாம் உறுதி அளவுகள். மைசினில் இவை −1 முதல் +1 வரை போகும். 0.2ஐத் தாண்டாத நிபந்தனையை அது கணக்கில் எடுக்காது. கணக்கு எளிது. விதியின் உறுதியை, அதன் நிபந்தனைகளில் மிகக் குறைந்த உறுதியால் பெருக்க வேண்டும். ஒரே முடிவுக்கு இரண்டு விதிகள் வந்தால், முதல் அளவோடு, மிச்சம் இருக்கும் சந்தேகத்தில் இரண்டாவது அளவு எவ்வளவு பங்கோ அதைக் கூட்ட வேண்டும்.

நம் வண்டியில் பெட்ரோல் போகவில்லை என்பது 0.7. மற்ற நிபந்தனைகளைக் கண்ணால் பார்த்தாயிற்று, அவை 1. விதி 3 தருவது 0.6 × 0.7 = 0.42. விதி 5 தருவது 0.5 × 0.7 = 0.35. இரண்டும் சேர்ந்தால் 0.42 + 0.35 × 0.58, அதாவது சுமார் 0.62.

இந்த 0.62ஐ மட்டும் திரையில் காட்டினால் பயனருக்கு ஒன்றும் விளங்காது. எந்த விதி எவ்வளவு தந்தது என்று பிரித்துக் காட்டுங்கள். காட்டியவுடன் கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார்: இரண்டு விதியும் அந்தக் காய்ந்த பிளக்கைத்தானே நம்பியிருக்கின்றன? ஒரே சாட்சியை இரண்டு முறை எண்ணிவிட்டோமே? சரியான கேள்வி. இந்தக் கூட்டல் முறை, இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று நினைத்துக்கொண்டு செய்வது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர் தப்பாகப் பார்த்திருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். எண்ணைப் பிரித்துக் காட்டாமல் இருந்திருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

படி 6: விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எழுதுங்கள்

இதுவரை செய்தது எல்லாம் நிரல் என்ன செய்தது என்பதன் விளக்கம். செய்தது ஏன் சரி என்பது வேறு.

ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் கிளான்சி மைசினின் விதிகளை வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்த கைடன் என்று ஒரு அமைப்பைக் கட்டினார். நல்ல யோசனைதான். நிபுணரின் அறிவு அத்தனையும் விதிகளில் இருக்கிறது, எடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே? மாணவர்கள் தடுமாறினார்கள். விதிகள் அவர்கள் மனதில் நிற்கவில்லை. காரணம் தேடியபோது கிளான்சிக்குப் புரிந்தது, விதிகளை எழுதியவர்களின் மனதில் இருந்த முக்கியமான சங்கதிகள் விதிகளுக்குள் வரவே இல்லை என்று. 1983இல் இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார்.

அவர் எடுத்துக் காட்டிய ஒரு விதி: நோயாளிக்கு 8 வயது ஆகவில்லை என்றால் டெட்ராசைக்ளின் கொடுக்காதே. ‘ஏன்’ என்று கேட்டால் மைசின் இந்த விதியையே திருப்பிப் படிக்கும். அதைத் தாண்டி அதற்கு ஒன்றும் தெரியாது. உண்மைக் காரணம், அந்த மருந்து வளரும் பல்லில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து பல்லை நிரந்தரமாகக் கறையாக்கிவிடும் என்பது. காரணம் தெரிந்த டாக்டர், உயிருக்கு ஆபத்து வந்து வேறு மருந்தும் இல்லாத நேரத்தில் பல் கறையைப் பொருட்படுத்தாமல் விதியை மீறலாம். காரணம் தெரியாதவருக்கு எப்போது மீறலாம் என்று தெரியாது.

இன்னொரு விதி இன்னும் நுட்பமானது. மூளை உறைத் தொற்றுக்கு எந்தக் கிருமி காரணம் என்று ஊகிக்கும் ஒரு விதியில், நோயாளி குடிப்பழக்கம் உள்ளவரா என்பது ஒரு நிபந்தனை. அதற்கு முன்னால் வயது 17க்கு மேல் என்று இன்னொரு நிபந்தனை. படிப்பவருக்கு இரண்டும் மருத்துவக் காரணங்கள் போலவே தெரியும். ஆனால் வயது நிபந்தனை அங்கே இருப்பது, ஒரு குழந்தையைப் பற்றி ‘குடிப்பழக்கம் உண்டா’ என்று நிரல் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. நிபந்தனைகளின் வரிசைக்குள் ஒரு நாகரிகம் ஒளிந்திருக்கிறது, விதி அதைச் சொல்லவில்லை.

இப்போது நம் விதி 3ஐப் பாருங்கள். முதல் நிபந்தனை வண்டி தயாரான காலம். அதனால் அடைப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவுடன் அமைப்பு கேட்கும் முதல் கேள்வியே ‘உங்கள் வண்டி எந்த ஆண்டில் தயாரானது?’ என்பது. வண்டி நடுரோட்டில் நின்றுகொண்டிருக்க, இப்போது எதற்கு ஆண்டு என்று பயனருக்குக் கோபம் வரும். ‘ஏன்’ என்று கேட்டால் விதி 3 வரும். பழைய வண்டி என்றால் அடைத்துக்கொள்ளும் போல என்று அவர் தப்பாகப் புரிந்துகொள்வார்.

நான் அந்த நிபந்தனையை வைத்த காரணம் வேறு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதிமுறை வந்தது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. (பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் ஏற்பாடு) வந்துவிட்டது. அவற்றில் கையால் திறக்கும் பெட்ரோல் காக்கும் இருக்காது. இல்லாத காக்கைத் திறந்தீர்களா என்று கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நிபந்தனை.

ஆக, ஒவ்வொரு விதியோடும் இரண்டு குறிப்புகளைச் சேருங்கள். ஒன்று, உலகத்தில் இது ஏன் உண்மை: கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் நாள்பட ஆவியாகிப் பிசுபிசுப்பை விட்டுப்போகும், அது பெட்ரோல் வரும் சிறு துளையை அடைக்கும், அதனால்தான் விதி 5 இரண்டு மாதத்தைக் கேட்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு நிபந்தனையும் அங்கே என்ன வேலை செய்கிறது: இது சாட்சியா, வெறும் வடிகட்டியா? வடிகட்டி நிபந்தனையைப் பற்றி ‘ஏன்’ என்று கேட்டால் விதியைப் படிக்காமல் வடிகட்டும் காரணத்தைச் சொல்லும்படி செய்யுங்கள்: ‘உங்கள் வண்டியில் கார்புரேட்டர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.’ இந்த ஒரு வாக்கியம் போதும், கோபம் இறங்கிவிடும்.

இதை இன்னும் ஆழமாகச் செய்தவர் எம்.ஐ.டி.யின் வில்லியம் ஸ்வார்ட்அவுட். இதய நோய்க்குத் தரும் டிஜிட்டாலிஸ் மருந்தின் அளவைச் சொல்லும் ஒரு நிரல் அங்கே இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் மருந்தைக் குறை என்பது அதற்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. ஸ்வார்ட்அவுட் எக்ஸ்பிளெய்ன் என்ற அமைப்பில் எது எதை உண்டாக்கும் என்ற மருத்துவ அறிவையும், அதை வைத்து எப்படி முடிவெடுப்பது என்ற கோட்பாட்டையும் தனித்தனியாகக் கொடுத்தார். அந்த இரண்டிலிருந்தும் ஆலோசனை நிரலை எக்ஸ்பிளெய்னே எழுதியது, எழுதும்போதே காரணங்களையும் பதிவு செய்துகொண்டது. அதனால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறாகலாம், டிஜிட்டாலிஸும் அதே பக்கம் தள்ளும், ஆகவே அளவைக் குறைக்கிறேன் என்று அதனால் சொல்ல முடிந்தது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், விதியோடு இரண்டு வரி எழுதினால் போதும்.

படி 7: ‘அது ஏன் இல்லை?’

மனிதர்கள் பெரும்பாலும் வந்த முடிவைப் பற்றிக் கேட்பதில்லை. தாங்கள் எதிர்பார்த்தது ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பேட்டரிதான் போயிருக்கும் என்று நினைத்தேனே? மைசினிடமும் இந்தக் கிருமியை ஏன் நீ பரிசீலிக்கவில்லை என்று கேட்க முடிந்தது. தோற்ற விதிகளின் குறிப்பு இங்கேதான் உதவும்: ‘ஹார்ன் நன்றாக ஒலிக்கிறது என்றீர்கள். அதனால் விதி 1 பொருந்தவில்லை.’

படி 8: யாருக்குச் சொல்கிறீர்கள்?

விதி எண்ணும் உறுதி அளவும் மெக்கானிக்குக்கும் நிரலைப் பராமரிப்பவருக்கும் போகட்டும். வண்டிக்காரருக்குக் காரண வாக்கியமும் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் போதும். அப்புறம், ‘இன்னும் விவரம்’ என்று ஒரு வழியை எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.

படி 9: விளக்கத்தை வைத்துத் தவறைப் பிடியுங்கள்

டைரீசியஸைக் கட்டிய டேவிஸின் முக்கிய நோக்கம் இதுதான். நிபுணர் ஒருவர் முடிவைப் பார்த்து ‘தப்பு’ என்கிறார். ‘எப்படி’ என்று கேட்டுக் கேட்டு விதிகளின் வழியே பின்னால் போகிறார். எந்த விதியில் பிசகு என்று கண்டு, அங்கேயே திருத்துகிறார். நிரல் எழுதத் தெரியாத மருத்துவ நிபுணரும் விதிகளைச் சரிசெய்யும்படி அந்த அமைப்பு இருந்தது.

நீங்களும் கட்டி முடித்தவுடன் ஒரு அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 2022இல் வாங்கிய எஃப்.ஐ. வண்டி, மூன்று மாதமாக எடுக்கவில்லை, கிக்கரை உதைத்தால் இஞ்சின் சுற்றுகிறது, பல முறை உதைத்த பிறகும் பிளக் காய்ந்திருக்கிறது என்று கொடுங்கள். அமைப்பு சொல்லும்: கார்புரேட்டர் வழியில் அடைப்பு, உறுதி 0.35. அவர் உடனே, “இந்த வண்டியில கார்புரேட்டரே கிடையாதே தம்பி” என்பார். ‘எப்படி’ என்று கேளுங்கள். விதி 3 தயாரான காலத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டது, முடிவு விதி 5இலிருந்து மட்டும் வந்திருக்கிறது என்று நாட்குறிப்பு காட்டும். அந்த விதியில் வண்டியின் காலத்தைக் கேட்கும் நிபந்தனையே இல்லை. முதல் படியில் நான் விட்டுவைத்த ஓட்டை அது. நிபந்தனையைச் சேருங்கள், அது வடிகட்டி என்றும் குறித்து வையுங்கள். அப்புறம் எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் போகாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்லும் காரணத்தோடு விதி 6ஐ எழுதுங்கள்.